மாமா போட்ட மனு

போன வாரம் குட்டியை நாம் விட்டுவிட்டு வந்த இடம் அவ்வளவு நல்ல இடமில்லை. எதிர்த்தரப்பு வக்கீல் கொடுத்த ஆட்சேபணையைக் கையில் வைத்துக்கொண்டு, மாமாவின் ஆபீஸ் அறையில் பேயறைந்தவள் மாதிரி நின்றிருந்தாள். அப்படி அதில் என்னதான் இருந்தது என்று கேட்டுப் பலர் எழுதியிருக்கிறீர்கள். சொல்கிறேன், கொஞ்சம் பொறுங்கள்.

நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக நாலு வரி. குட்டியின் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தில் லிஃப்ட் குழிக்குள் இறங்கி வேலை பார்த்துக்கொண்டிருந்தபோது, அந்தக் கட்டடத்தின் சூப்பர்வைசர் மெயின் சுவிட்சைப் போட்டுவிட்டார். அண்ணன் வீட்டுக்குத் திரும்பவே இல்லை. கவனக்குறைவால் உயிர் போனது என்று சூப்பர்வைசர் மேல் வழக்கு நடந்தது. கீழ்க்கோர்ட் அவரை விடுதலை செய்துவிட்டது.

அதை எதிர்த்து, அண்ணன் மனைவியின் பேரில், மேல்கோர்ட்டில் மனுப் போட்டவர் மாமா. தாய்மாமன். தாய் தகப்பன் இல்லாத குட்டியையும் அண்ணனையும் வளர்த்து ஆளாக்கியவர். பெரிய கிரிமினல் வக்கீல். குட்டி அவரிடம்தான் ஜூனியராக இருக்கிறாள். வயது முப்பதை எட்டிவிட்டது, இன்னும் வீட்டில் அவளுக்குப் பேர் குட்டிதான்.

ஆட்சேபணையில் இருந்தது இவ்வளவுதான்: "இறந்தவரின் மனைவி அப்பீல் போடச் சட்டத்தில் வழி இருக்கிறது. அதை விட்டுவிட்டு ரிவிஷன், அதாவது சீராய்வு மனு, போட்டிருக்கிறார். அப்பீல் போடக்கூடியவர் ரிவிஷனுக்கு வரக்கூடாது. மனுவைத் தள்ளுபடி செய்யவும்."

சட்டம் படிக்க வந்த பையன்கூடச் செய்யாத தப்பு. அதை மாமா செய்திருந்தார்.

இன்றைக்குக் காலையில் அந்த மனு விசாரணைக்கு வருகிறது. புதிதாக அப்பீல் போடுவதற்குக் கெடு தாண்டி எத்தனையோ மாதமாகிவிட்டது. இன்று தள்ளுபடியானால் சூப்பர்வைசர் கையை வீசிக்கொண்டு போய்விடுவார், கதை அதோடு முடிந்தது.

"மாமா, வழி இருக்கு!"

ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்த மாமா நிமிரவில்லை. குட்டி மூச்சிரைக்க அவர் முன்னால் வந்து நின்றாள். அண்ணனின் மனைவி, அண்ணி, ஏற்கெனவே வந்து சோபாவின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். இந்த வழக்குக்காகப் போட்ட லீவுக்குக் கணக்கே இல்லாமல் போய்விட்டது.

"அப்பீல் கிடையாதுன்னு தப்பா நம்பி ஒருத்தர் ரிவிஷன் போட்டுட்டா, நியாயத்துக்காக அதையே அப்பீலா எடுத்துக்க மேல்கோர்ட்டுக்கு அதிகாரம் இருக்கு மாமா. அதுக்கு ஒரு மனு அடிச்சுட்டேன். நீங்க எழுந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாப் போதும்."

"என்ன வார்த்தை?"

"தப்பா நம்பிட்டேன்னு."

மாமா அடுத்த ஷூவை எடுத்தார். "சொல்ல மாட்டேன்."

"மாமா!"

"வேற ஏதாவது வழி பாரு."

அண்ணி எழுந்தாள். பொதுவாக இந்த வீட்டில் குரல் உயர்த்திப் பேசாதவள் அவள்.

"ஏன் மாமா? வாய் முத்து உதிர்ந்துடுமா? பெரிய வக்கீல் தப்புப் பண்ணிட்டாருன்னு நாலு பேர் சிரிப்பாங்க. சிரிக்கட்டுமே! என் வீட்டுக்காரரைத் துணியில சுத்திக் கொண்டுவந்து போட்டாங்க. அதைப் பார்த்தவ நான். உங்க கௌரவம் பெருசா, அவர் பெருசா?"

மாமா அவளை ஏறிட்டுப் பார்த்தார். கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டு, "நேரமாச்சு, நான் முன்னாடி போறேன்," என்று மட்டும் சொல்லிவிட்டுப் படியிறங்கிவிட்டார்.

குட்டிக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. வளர்த்தவர் என்பதால் வாயை மூடிக்கொண்டாள். வேறு யாராவது இருந்திருந்தால் அன்று அங்கே ஒரு ரகளையே நடந்திருக்கும்.

குட்டியின் ஸ்கூட்டர் பின்னால் உட்கார்ந்து வந்த அண்ணி, பாதி வழியில் சிக்னலில் நிற்கும்போது கேட்டாள்.

"குட்டி, எனக்கு ஒண்ணுதான் புரியல. ரிவிஷனும் மேல்கோர்ட்டுதான், அப்பீலும் மேல்கோர்ட்டுதான். அதே ஜட்ஜு. எதுல போனா என்ன?"

"நீங்க பரீட்சைப் பேப்பர் திருத்துறீங்கள்ல அண்ணி? மறுகூட்டல்னு ஒண்ணு இருக்கு, மறுமதிப்பீடுன்னு ஒண்ணு இருக்கு. மறுகூட்டல்ல என்ன பண்ணுவீங்க?"

"மார்க்கைச் சரியாக் கூட்டியிருக்காங்களா, எதையாவது திருத்தாம விட்டுட்டாங்களான்னு பார்ப்போம். பதிலுக்குள்ள போகமாட்டோம்."

"ரிவிஷன் கிட்டத்தட்ட அது மாதிரி. கீழ இருக்கிற ஜட்ஜ் முறைப்படி நடத்தினாரா, சட்டத்தை மீறினாரா, முக்கியமான சாட்சியைக் கண்ணை மூடிக்கிட்டுத் தள்ளினாரா, இவ்வளவுதான் பார்ப்பாங்க. தப்பு இருந்தா மறுபடி விசாரின்னு கீழ அனுப்பலாம். விடுதலையான ஆளைக் குற்றவாளின்னு அவங்களே தீர்ப்பு எழுத முடியாது. அப்பீல்தான் மறுமதிப்பீடு. ஒவ்வொரு சாட்சியையும் புதுசாப் படிச்சு, நம்பினா அங்கேயே தண்டனை கொடுக்கலாம்."

"ஒவ்வொரு சாட்சியையுமா?"

"வரிக்கு வரி."

"அப்ப நான் சொன்னதையும்?"

"முதல்ல அதைத்தான் படிப்பாங்க! கேஸே உங்க சாட்சி மேலதானே நிக்குது?"

சிக்னல் விழுந்தது. பின்னால் வந்த கார்க்காரர் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு குட்டியின் பிராணனை வாங்கினார். அதற்கப்புறம் கோர்ட் வரும்வரை அண்ணி வாயே திறக்கவில்லை. பாவம், பயந்துபோயிருக்கிறாள் என்று குட்டி நினைத்துக்கொண்டாள்.

கோர்ட் வராந்தாவில் அவர்களை முதலில் பிடித்தவர் எதிர்த்தரப்பு வக்கீல். எதற்கெடுத்தாலும் பல்லைக் காட்டுவார் என்பதால் வக்கீல்கள் கூடும் பார் ரூமில் அவருக்குச் சிரிப்பு வக்கீல் என்று பேர். ஜாமீன் கிடைத்தாலும் சிரிப்பார், கிடைக்காவிட்டாலும் சிரிப்பார்.

"என்னம்மா, உங்க சீனியருக்கே வழி மறந்துபோச்சா? வயசாகுதுல்ல, கொஞ்சம் ரெஸ்ட் எடுத்துக்கச் சொல்லு."

"அவர் ரெஸ்ட் எடுத்தா நீங்க யார்கிட்ட சார் தோப்பீங்க?"

சிரிப்பு வக்கீல் அதற்கும் சிரித்துவிட்டுப் போனார். குட்டி மனுவைக் கோர்ட் கிளார்க்கிடம் கொடுத்துவிட்டுத் திரும்பினால் மாமா நிற்கிறார்.

"இங்க வா," என்று அவளை மட்டும் மாடிப்படி வளைவுக்கு அழைத்துக்கொண்டு போனார். பழைய மர பீரோக்களை அடுக்கிவைத்திருந்த அந்த இருட்டு மூலைக்கு யாரும் வருவதில்லை.

"அந்த மனுவைக் கொடுத்துட்டியா?"

"கொடுத்துட்டேன். உங்களுக்குப் பிடிக்கலைன்னாலும் பரவாயில்ல."

"நான் தெரியாமப் போடலடி."

"எதை?"

"ரிவிஷனை. அப்பீல் இருக்குன்னு எனக்கு நல்லாத் தெரியும். தெரிஞ்சுதான் ரிவிஷன் போட்டேன்."

குட்டிக்குச் சட்டென்று ஒன்றும் ஓடவில்லை. அவர் தமாஷ் பண்ணுகிறாரா என்று முகத்தைப் பார்த்தாள். தமாஷ் இல்லை.

"உங்க அண்ணி கூண்டுல என்ன சாட்சி சொன்னா? சொல்லு."

குட்டிக்கு அது மனப்பாடம். லிஃப்ட் குழிக்குள் இறங்குகிறவர்கள் மெயினை அணைத்து, 'ஆள் உள்ளே' என்ற சிவப்பு அட்டையைச் சுவிட்சில் மாட்டிவிட்டுத்தான் இறங்க வேண்டும். அன்று அட்டை இல்லை. ஏன் இல்லை என்பதுதான் முழு வழக்கும். வேலைக்கு இறங்குமுன் கணவர் தனக்குப் போன் செய்து, 'அட்டையெல்லாம் வேணாம், அஞ்சு நிமிஷ வேலை, சீக்கிரம் இறங்குன்னு சூப்பர்வைசர் விரட்டுறார்' என்று சொன்னதாக அண்ணி சாட்சி சொல்லியிருந்தாள். அந்த நேரத்தில் அண்ணன் போனிலிருந்து அண்ணி போனுக்கு அழைப்பு வந்ததற்கு ஆதாரமும் இருந்தது. அப்படியிருந்தும், கணவனைப் பறிகொடுத்தவள் பேச்சை மட்டும் வைத்துத் தண்டிக்க முடியாது என்று கீழ்க்கோர்ட் கைவிரித்துவிட்டது.

"அதுக்கென்ன இப்ப?"

"முந்தின நாள் நம்ம வீட்டுக்கு வந்தவ போனைச் சார்ஜ்ல போட்டுட்டு மறந்துட்டுப் போயிட்டா. காலைல மணி அடிச்சுது. அந்தப் போனை எடுத்தது நான்."

குட்டி பீரோவைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணன்... என்ன சொன்னாரு?"

"சாயங்காலம் லேட்டாகும், அவகிட்ட சொல்லுங்கன்னான். அதை நான் அவகிட்ட சொன்னேன். சூப்பர்வைசர் விரட்டினான், அட்டை வேணாம்னான், இதெல்லாம் அவளாச் சேர்த்துக்கிட்டது. சூப்பர்வைசர்தான் விரட்டியிருப்பான்னு அங்க வேலை செஞ்ச எல்லாருக்கும் தெரியும். ஒருத்தனும் கோர்ட்டுக்கு வந்து வாய் திறக்கல. அந்த ஆத்திரத்துல சொல்லிட்டா."

"நீங்க அப்ப கோர்ட்ல இருந்தீங்களே மாமா! சும்மாவா உட்கார்ந்திருந்தீங்க?"

"என்ன பண்ணச் சொல்றே? அவ கூண்டுல அழுதுட்டு நிக்கறா. நான் எழுந்து, இவ பொய் சொல்றான்னு சொல்லணுமா? எனக்கு வாய் வரல. சரி, அன்னைக்கு நான் பேசல, அது போகட்டும். ஆனா அப்பீல்னு போனா, மேல ஒரு ஜட்ஜ் அவ சாட்சியைப் புதுசாப் படிப்பாங்க. நம்பிட்டா நேரா தண்டனை. ஒரு பொய்யை வெச்சு ஒருத்தனை ஜெயிலுக்கு அனுப்பற பேப்பர்ல என்னால கையெழுத்துப் போட முடியாதுடி. ரிவிஷன்ல அந்தப் பயம் இல்ல. அதிகபட்சம் மறுவிசாரணைன்னு கீழ வரும். வந்தா, வேலையை விட்டுப் போன எலக்ட்ரீஷியன், வாட்ச்மேன் யாரையாவது தேடிப் பிடிச்சு, நிஜமான சாட்சியை நிறுத்தலாம்னு கணக்குப் போட்டேன்."

"யாரும் கவனிக்க மாட்டாங்கன்னு நினைச்சீங்க."

"அந்தச் சிரிப்பு மண்டைக்குள்ள இவ்வளவு இருக்கும்னு நினைக்கல."

சிரிப்பு வரவேண்டிய இடம்தான். குட்டிக்குக் கண்ணில் தண்ணீர் வந்தது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே மாமா. காலைல அண்ணி அந்தப் பேச்சுப் பேசினாங்க, வாங்கிக் கட்டிக்கிட்டு வந்தீங்களே."

"அவ பேசுவா, அவளுக்கு உரிமை இருக்கு."

"மனுவை வாபஸ் வாங்கிடறேன். உங்களைப் பொய் சொல்ல வெச்சு எனக்கு அப்பீல் வேணாம்."

"வாங்கினா இன்னைக்கே தள்ளுபடி. அப்புறம் அவளுக்கு என்ன இருக்கு? அந்தச் சூப்பர்வைசர் குற்றவாளிதான் குட்டி. அதுல எனக்குச் சந்தேகமே இல்ல."

"அப்ப என்னதான் பண்றது?"

பதில் வருவதற்குள் டவாலி வழக்கு நம்பரைக் கூவிவிட்டான். மாமா கவுனைச் சரிசெய்துகொண்டு விறுவிறுவென்று உள்ளே போனார். குட்டி பின்னாலேயே ஓடினாள்.

நீதிபதி ஒரு அம்மாள். சத்தம் போடமாட்டார், ஆனால் எதையும் இரண்டு தடவை கேட்கவும் மாட்டார். அண்ணி கடைசி பெஞ்சில் ஒரு தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். குட்டி எழுந்து மனுவைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள்.

"அப்பீல் இல்லைங்கிற தவறான நம்பிக்கையில..."

"நிறுத்துங்க," என்றார் நீதிபதி. "அப்படி நம்பினது நீங்களா?"

"இல்ல, என் சீனியர்."

"அப்ப அவரே சொல்லட்டும். எழுதிக் கொடுத்ததை நான் கேட்கல. அவர் வாயால கேட்கணும்."

மாமா எழுந்தார். கோர்ட்டில் இருந்த அத்தனை வக்கீல்களும் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். குட்டி அவர் கையைப் பார்த்தாள். விரல்கள் மேசை விளிம்பைப் பிடித்திருந்தன. சொல்லாதீங்க மாமா என்று மனசுக்குள் கத்தினாள். சொல்லிடுங்க மாமா என்றும் கத்தினாள். இரண்டும் நிஜம்தான்.

"ஆமாம். அப்பீல் கிடையாதுன்னு தப்பா நம்பிட்டேன். பிழை என்னுடையது. அதுக்காக அந்தம்மா கஷ்டப்படக் கூடாது."

பின்வரிசையில் கசமுசா என்று ஒரு சத்தம். சிரிப்பு வக்கீல் எழுந்தார்.

"போன வருஷம் இதே கோர்ட்டுல, மகனைப் பறிகொடுத்த ஒரு தகப்பனுக்காக, இதே மாதிரி விடுதலையை எதிர்த்து இவரே அப்பீல் போட்டு ஜெயிச்சாருங்க. நல்லா ஞாபகம் இருக்கு, ஏன்னா தோத்தவன் நான்தான்."

கோர்ட்டே சிரித்தது. நீதிபதி சிரிக்கவில்லை.

"அப்படியா?" என்று மாமாவைக் கேட்டார்.

ஆமாம் என்று மாமா தலையை அசைத்தார்.

"போன வருஷம் தெரிஞ்ச அப்பீல் இந்த வருஷம் எப்படித் தெரியாமப் போச்சு? இத்தனை காலமா நீங்க சொல்ற வார்த்தையை இந்தக் கோர்ட் அப்படியே எடுத்துக்கிட்டிருக்கு. இன்னைக்கு உங்களைச் சந்தேகப்பட வைக்காதீங்க. தவறா நம்பினீங்களா, இல்லையா?"

மாமாவின் நெற்றியில் வேர்வை துளிர்த்தது. அவரை இப்படி ஒருவர் கேள்வி கேட்டு குட்டி பார்த்ததில்லை. எத்தனை சாட்சிகளை இதே இடத்தில் நின்று அவர் திணறடித்திருக்கிறார்! இன்றைக்கு அவர் திணறுகிறார். பொய் சொல்லத் தெரியாத மனுஷன், அதையும் கோர்ட்டில் வந்து சொல்லிப் பார்க்கிறார்.

"நம்பி..." என்று ஆரம்பித்தார்.

"அவரை விட்டுடுங்க!"

எல்லோரும் திரும்பினார்கள். தூணோரத்தில் அண்ணி எழுந்து நின்றிருந்தாள்.

"யாரும்மா நீங்க?"

"நான்தாங்க மனுப் போட்டவ. செத்துப்போனவரோட மனைவி. அவரைக் கேட்காதீங்க. எனக்காகத்தான் இப்படி நிக்கறாரு." அவள் குரல் உடைந்தது. முன்பெஞ்சின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். "அந்தப் போனை எடுத்தது நான் இல்ல. கூண்டுல நான் சொன்னது பொய். அட்டை வேணாம்னு விரட்டினாங்கன்னு அவர் என்கிட்ட சொல்லல."

சிரிப்பு வக்கீலின் வாய் திறந்தபடி இருந்தது. சிரிப்பு மட்டும் அதில் இல்லை.

"அம்மா, நிறுத்துங்க," என்றார் நீதிபதி. "நீங்க இப்பப் பேசறது உங்களுக்கே எதிராத் திரும்பலாம். பொய்ச் சாட்சின்னு உங்க மேலேயே நடவடிக்கை வரும். வக்கீலைக் கேட்டுட்டுப் பேசுங்க."

"வரட்டுங்க. என் வீட்டுக்காரர் உயிருக்கு நியாயம் கேட்டுத்தான் அந்தப் பொய்யைச் சொன்னேன். அதுக்கு இந்த மனுஷன் தலை குனியணுமா? காலைல நான் வாய்க்கு வந்தபடி பேசினேன். அப்பவும் என்னைக் காட்டிக் கொடுக்கல. வழியில இவ விளக்கிச் சொன்னப்பதான் ஏன் இப்படி ஒரு மனுப் போட்டாருன்னே எனக்குப் புரிஞ்சுது." அண்ணி அழுதாள். யாரையும் பற்றிக் கவலைப்படாமல், முகத்தை மூடாமல் அழுதாள்.

"அப்ப போனை எடுத்தது யாரு?"

அண்ணி தலையைக் குனிந்துகொண்டாள். மாமாதான் சொன்னார்.

"நான்தாங்க."

மாமா நீதிபதியை நேராகப் பார்த்தார்.

"இன்னொண்ணும் சொல்லிடறேன். அவன் பேசினதை நான் யார்கிட்டயும் முழுசாச் சொல்லல. இவகிட்டயும் சொல்லல. என் வீட்டுக் குழந்தைகிட்டயும் சொல்லல."

குட்டி விலுக்கென்று நிமிர்ந்தாள். சாயங்காலம் லேட்டாகும் என்றுதானே சொன்னார்? கால்மணி நேரத்துக்கு முன்னால், அந்த மாடிப்படி வளைவில், அவள் கண்ணைப் பார்த்துத்தானே சொன்னார்? அதற்கு மேல் என்ன? சூப்பர்வைசரைச் சிக்க வைக்கும் வார்த்தையாக இருந்தால் இத்தனை நாள் மறைத்திருப்பாரா? அப்படியானால்...

"போதும்!" நீதிபதி கையை உயர்த்தினார். "இதுக்கு மேல வக்கீலா நின்னு நீங்க ஒரு வார்த்தை பேசக் கூடாது. நீங்க இப்ப சாட்சி. அந்த இடத்தை விட்டு வாங்க. இதை அப்பீலா எடுக்கறதா, ரிவிஷனாவே வெச்சுக்கறதான்னு பிறகு முடிவு பண்றேன். ரெண்டுல எதுவா இருந்தாலும், தேவைப்பட்டா கூடுதல் சாட்சியம் கேட்க எனக்கு அதிகாரம் இருக்கு. இன்னைக்கு மத்தியானம் கேட்கப்போறேன்."

மாமா வக்கீல்கள் நிற்கும் இடத்திலிருந்து வெளியே வந்தார். கவுனைக் கழற்றி மடித்துக் கையில் வைத்துக்கொண்டு, பொதுமக்கள் உட்காரும் பெஞ்சுக்குப் போய் அண்ணிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அண்ணி அவர் பக்கம் திரும்பவில்லை. ஆனால் நகர்ந்து இடம் கொடுத்தாள்.

நீதிபதி காலியான இடத்தைப் பார்த்தார். பிறகு சுற்றிலும் பார்த்தார்.

"இந்தம்மாவுக்கு இப்ப யாரு வக்கீல்?"

யாரும் அசையவில்லை. மாமா வாயிலிருந்து வரப்போவது சூப்பர்வைசரைத் தண்டிக்குமா, அல்லது அண்ணனே அட்டையை மறந்தான் என்று ஊருக்குச் சொல்லி அண்ணியை நடுத்தெருவில் நிறுத்துமா? அதை அவர் வாயிலிருந்து பிடுங்கப் போகிறவள் யார்?

"நான்தாங்க," என்று எழுந்தாள்.

"நல்லது. அப்ப மத்தியானம் முதல் கேள்வி நீங்கதான் கேட்கணும்."

குட்டி திரும்பி மாமாவைப் பார்த்தாள். வேண்டாம் என்று அவர் மெல்லத் தலையை ஆட்டினார்.